பில் தொகையை எடுக்கும் முன் வங்கி எந்த இருப்பைப் பார்க்கிறது, எப்போது பார்க்கிறது?

மாதம் ஐந்தாம் தேதி காலையில் செல்போனைத் திறந்தால் இரண்டு எஸ்எம்எஸ் வந்து கிடக்கின்றன. ஒன்று கடன் கொடுத்த கம்பெனியிடமிருந்து: இந்த மாத இஎம்ஐ பவுன்ஸ் ஆகிவிட்டது. இன்னொன்று வங்கியிடமிருந்து: ரிட்டர்ன் சார்ஜ் 590 ரூபாய் பிடித்தாயிற்று. முந்தின ராத்திரி பார்க்கும்போது பணம் இருந்ததே என்று கணக்கு வைத்திருப்பவர் குழம்புகிறார். அவர் பார்த்ததில் தப்பில்லை. ஆனால் அவர் பார்த்த நேரம் வேறு, வங்கி பார்த்த நேரம் வேறு. பல சமயம் அவர் பார்த்த எண்ணே வேறு.

மின்னணு வழியில் எந்த பில் கட்டினாலும், பணம் இருக்கிறதா என்ற சோதனை ஓர் இடத்தில் நடந்தே தீரும். அது எந்த நிமிடத்தில், யார் கேட்டு, எந்தத் தொகையை வைத்து நடக்கிறது என்பது வழிக்கு வழி மாறுகிறது. மும்பையில் ஒரு சாதாரணத் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், ஒரே மாதத்தில் நாலு வழியையும் பயன்படுத்துகிறார்கள். மாட்டுங்காவில் இருந்தால் பெஸ்ட் கரண்ட் பில், செம்பூரில் இருந்தால் அதானி அல்லது டாடா பவர் பில் யுபிஐயில் போகிறது. மகாநகர் கேஸ் பில்லை வங்கி ஆப்பில் கட்டுகிறார்கள். வீட்டுக்கடனும் எஸ்ஐபியும் (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) நாச் மாண்டேட்டில், அதாவது முன்பே எழுதிக்கொடுத்த அனுமதியின் பேரில், தானாகக் கழிகின்றன. டிவி, இணையச் சந்தாக்கள் கார்டிலோ யுபிஐ ஆட்டோபேயிலோ தானாகப் போகின்றன. இதற்கு நடுவில் ஒன்றாம் தேதி சம்பளம் ஏறியதும் ஊருக்கு அம்மாவுக்குப் பணம் அனுப்பியாக வேண்டும். எந்த வழி எப்போது கணக்கைத் தொடும் என்று தெரியாமல் இதைச் சமாளிப்பது கஷ்டம்.

புத்தக இருப்பும் கைக்கு எட்டும் இருப்பும்

வங்கியின் கம்ப்யூட்டரில் ஒரு கணக்குக்கு இரண்டு எண்கள் உண்டு. கணக்கில் வரவு வைத்ததையும் பற்று வைத்ததையும் கூட்டிக் கழித்தால் வருவது புத்தக இருப்பு. பாஸ்புக்கில் அச்சாவது இதுதான். அதிலிருந்து எடுக்க முடியாத தொகைகளைக் கழித்து, ஓவர்டிராஃப்ட் வரம்பு இருந்தால் அதைக் கூட்டினால் கிடைப்பது எடுக்கக்கூடிய இருப்பு. பில்லுக்குப் பணம் கேட்டு வரும் எந்தக் கோரிக்கைக்கும் வங்கி பார்ப்பது இந்த இரண்டாவது எண்ணை மட்டும்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புத்தக இருப்பு 38,200 ரூபாய். ஐபிஓ ஒன்றுக்கு (ஒரு கம்பெனி முதன்முதலாகப் பங்கு விற்பது) விண்ணப்பித்ததில் 14,800 ரூபாய் பிளாக் ஆகியிருக்கிறது. பங்கு ஒதுக்கீடு முடியும்வரை அந்தப் பணம் கணக்கிலேயே இருக்கும், வட்டியும் சேரும், ஆனால் தொட முடியாது. வாடகைதாரர் கொடுத்த 5,000 ரூபாய் செக் போட்டாயிற்று, இன்னும் வசூலாகவில்லை. ஆக எடுக்கக்கூடியது 18,400. நாளை கழியவேண்டிய இஎம்ஐ 17,950. ராத்திரி பதினொரு மணிக்கு இதைப் பார்ப்பவர் நிம்மதியாகத் தூங்கப் போவார். ஆனால் போன மாதம் ஒரு எஸ்ஐபி திரும்பியதற்கான 590 ரூபாய் சார்ஜ் அப்போது கணக்கில் பணமில்லாமல் நிலுவையில் நிற்கிறது. இரவு நடக்கும் கணக்கு முடிப்பில் வங்கி அதை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 17,810. காலையில் இஎம்ஐ கோரிக்கை வரும்போது 140 ரூபாய் குறைகிறது. இருப்பதை எடுத்துக்கொள், மீதியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்ற பேச்சு நாச்சில் கிடையாது. முழுத் தொகை அல்லது ஒன்றுமில்லை. 140 ரூபாய் குறைவுக்கு 17,950 ரூபாய் கோரிக்கை திரும்பிப் போகிறது, புதிதாக இன்னொரு 590 விழுகிறது.

இந்த நிலுவை சார்ஜ்தான் கண்ணுக்குத் தெரியாத முதல் எதிரி. டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், மினிமம் பேலன்ஸ் வைக்காத அபராதம் எல்லாம் இப்படிக் காத்துக்கொண்டிருந்து, பணம் வந்த பிறகு கழியும். மினிமம் பேலன்ஸைப் பற்றி ஒரு குழப்பமும் உண்டு. பெரும்பாலான சேமிப்புக் கணக்குகளில் அந்தக் குறைந்தபட்சத் தொகை பூட்டிவைத்த பணமல்ல. பில்லுக்குத் தேவைப்பட்டால் அதற்குக் கீழேயும் இறங்கும். மாத சராசரி குறைந்ததற்கான அபராதம் பின்னால் வரும். அந்த அபராதத்தால் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக்கூடாது என்று 2014-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

இரண்டாவது எதிரி லீன், அதாவது கணக்கில் இருக்கும் ஒரு தொகையை வங்கி நிறுத்திவைப்பது. இப்போதெல்லாம் சிறு வியாபாரிகளை இது அதிகம் படுத்துகிறது. இணைய மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கிறார். அந்தப் பணம் கை மாறிக் கை மாறிப் போன கணக்குகளில் எல்லாம் நிறுத்தம் விழுகிறது. தாராவியில் தோல் பை விற்ற கடைக்காரருக்கு வாடிக்கையாளர் ஒருவர் யுபிஐயில் கொடுத்த 3,000 ரூபாய் அந்தச் சங்கிலியில் வந்ததாக இருந்தால், அந்தத் தொகை லீனாகும். சில சமயம் கணக்கு முழுவதும் முடங்கும். புத்தக இருப்பில் எதுவும் மாறாது. கரண்ட் பில் கட்டப்போகும்போதுதான் தெரியவரும். ஆப்பில் இரண்டு எண்களும் வேறு வேறாகத் தெரிந்தால், அன்றைக்கே கிளையில் லீன் எதற்கு, யார் உத்தரவு, எண் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

எடுக்கக்கூடிய இருப்பு ஒரே நாளில் கரைந்துபோனதற்கு மும்பையே சாட்சி. 2019 செப்டம்பர் 23 அன்று பிஎம்சி கூட்டுறவு வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, கணக்கில் லட்சக்கணக்கில் இருந்தவரும் முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. பிறகுதான் அந்த வரம்பு படிப்படியாக உயர்ந்தது. பராமரிப்புப் பணத்தை அங்கே வைத்திருந்த ஹவுசிங் சொசைட்டிகள் பில் கட்ட உறுப்பினர்களிடம் மறுபடி வசூலிக்க வேண்டிவந்தது. எல்லாப் பில்லுக்கும் ஒரே வங்கியை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்து அன்றைக்குப் புரிந்தது.

பார்ப்பதும் எடுப்பதும் ஒரே மூச்சில்

இருப்பைப் பார்த்துவிட்டு, போதும் என்று தெரிந்தால் பணத்தை எடு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வேலைக்கும் நடுவில் அரை நொடி இடைவெளி இருந்தாலே தப்பு நடக்க இடமுண்டு. கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் 3,000 ரூபாய் இருக்கிறது. அவர் ஆபீஸிலிருந்து 2,400 ரூபாய் கரண்ட் பில் கட்டுகிறார், அதே நேரம் வீட்டிலிருந்து இவர் 1,900 ரூபாய் கேஸ் பில் கட்டுகிறார். இரண்டு செல்போனும் 3,000 என்றுதான் காட்டும். இரண்டையும் சரி என்று விட்டால் கணக்கு 1,300 ரூபாய் மைனஸில் நிற்கும்.

அதனால் வங்கியின் மையக் கணினி இருப்பைச் சரிபார்ப்பதையும் கழிப்பதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்கிறது. ஒரு கோரிக்கை கணக்கைத் தொட்ட கணத்தில் அந்தக் கணக்கின் பதிவு பூட்டப்படும். இருப்பு போதுமென்றால் தொகை கழியும், பூட்டு திறக்கும், அடுத்த கோரிக்கை மிச்சத்தைப் பார்க்கும். மேலே சொன்ன குடும்பத்தில் யாருடைய கோரிக்கை முதலில் போய்ச் சேர்ந்ததோ அது முடியும்; மற்றது போதிய இருப்பு இல்லை என்று திரும்பும். நாம் தனியாகத் தட்டிப் பார்க்கும் பேலன்ஸ் அந்த நொடியின் தகவல் மட்டும். கழித்துப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

யுபிஐ இந்த ஒழுங்கில்தான் கட்டப்பட்டிருக்கிறது. பின் எண்ணைப் போட்டதும் கோரிக்கை, யுபிஐயையும் நாச்சையும் நடத்தும் அமைப்பான என்பிசிஐ வழியாக நம் வங்கிக்குப் போகிறது. வங்கி பின்னைச் சரிபார்க்கிறது, வரம்பைப் பார்க்கிறது, இருப்பைப் பார்த்துக் கழிக்கிறது. கழித்துவிட்டேன் என்ற பதில் வந்த பிறகே எதிர்முனை வங்கிக்கு வரவு வை என்ற சொல் போகும். இருப்பு போதவில்லையென்றால் இசட்9 என்ற குறியீட்டோடு அங்கேயே நின்றுவிடும். கடன் சொல்லிப் போகும் பணம் இதில் இல்லை. இப்படித் திரும்பும் யுபிஐ கோரிக்கைக்கு பவுன்ஸ் சார்ஜும் இல்லை, ஏனென்றால் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கப்படவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பணம் கட்டப்போகும் முன் பேலன்ஸ் பார்க்கும் பழக்கம் நாடு முழுக்கச் சேர்ந்தபோது வங்கிக் கணினிகளுக்குப் பெரும் சுமையானது. அதனால் 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒருவர் ஓர் ஆப்பில் ஒரு நாளைக்கு 50 முறைதான் பேலன்ஸ் பார்க்கலாம் என்று என்பிசிஐ வரம்பு வைத்தது. அதற்கு ஈடாக, யுபிஐயில் பணம் போனதும் மிச்ச இருப்பையும் வங்கியே சொல்லிவிட வேண்டும் என்றது. இது நல்ல ஏற்பாடு. கழித்த பிறகு சொல்லப்படும் இருப்புதான் நம்பத்தக்க இருப்பு.

யுபிஐ லைட் (சின்னத் தொகைகளைப் பின் எண் போடாமல் கட்டும் வசதி) வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். லைட்டில் ஏற்றிய பணம் வங்கிக் கணக்கை விட்டு வெளியே போய்விட்டது. 5,000 ரூபாய் வரை அங்கே கிடக்கலாம். கணக்கில் 400 ரூபாய் குறைந்து இஎம்ஐ திரும்பும்போது அது உதவிக்கு வராது. தானாக ஏற்றிக்கொள்ளும் வசதியைப் போட்டிருந்தால், தேதி தெரியாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் இன்னொரு மாண்டேட் அது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கடை அண்ணாச்சியின் இருப்பு

பல கம்பெனிகளின் பில்லை ஒரே இடத்தில் கட்டவைக்கும் பாரத் பில் பேமென்ட் முறைக்கான வழிகாட்டுதலை ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் வெளியிட்டது. 2016 ஆகஸ்ட் இறுதியில் முன்னோட்டமாக ஓடத் தொடங்கியது. இப்போது என்பிசிஐயின் துணை நிறுவனம் ஒன்று அதை நடத்துகிறது. நுகர்வோர் எண்ணைப் போட்டதும் பில் தொகையும் பெயரும் திரையில் வருவது இதனால்தான். இதிலும் முதலில் நம் பணம் கழியும், அப்புறம்தான் பில் கட்டப்பட்டதாக உறுதி வரும். பில் அனுப்பிய கம்பெனிக்குப் பணம் உண்மையில் போய்ச் சேர்வது பின்னால், வங்கிகளுக்குள் கூட்டிக் கழித்து நடக்கும் கணக்குத் தீர்ப்பில். அந்தக் கணக்குத் தீர்ப்புக்கு மைய அமைப்பு உத்தரவாதம் கொடுப்பதால், ரசீது வந்த நிமிடமே பில் கட்டியதாக எடுத்துக்கொள்ளலாம்.

ரொக்கமாகக் கட்டுபவர்கள் விஷயத்தில் சோதிக்கப்படுவது கடைக்காரரின் இருப்பு. தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் செல்போன் ரீசார்ஜும் பில்லும் போட்டுத்தரும் கடைகள் நிறைய. அந்த ஏஜென்ட் முன்கூட்டியே தன் வாலட்டில் பணம் ஏற்றிவைத்திருப்பார். நாம் கொடுக்கும் நோட்டு அவர் கல்லாவுக்குப் போகும். பில்லுக்கான பணம் அந்த வாலட்டிலிருந்து கழியும். வாலட்டில் 1,500 இருக்கும்போது 1,860 ரூபாய் பில் வந்தால் திரை மறுத்துவிடும். "நீங்க போங்கக்கா, ஏத்திட்டுப் போட்டுடுதேன்" என்பார் அண்ணாச்சி. அவர் நல்லவர்தான். ஆனால் சாயங்காலக் கூட்டத்தில் அது மறந்துபோகும், கடைசித் தேதி தாண்டிவிடும், அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் ஏறும். பரிவர்த்தனை எண் போட்ட ரசீது கையில் வரும்வரை, அல்லது எஸ்எம்எஸ் வரும்வரை, கடையை விட்டு நகரக்கூடாது. வாலட்டில் பணமில்லை என்றால் ரொக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அப்புறம் வரலாம், அண்ணாச்சி கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாச்: முன்பு கொடுத்த வாக்கு

சிக்கல் அதிகம் உள்ள இடம் இது. யுபிஐயில் நாம் பக்கத்தில் இருக்கிறோம். நாச்சில் நாம் என்றோ ஒரு நாள் கையெழுத்துப் போட்டு, இந்தத் தேதியில் இவ்வளவு வரை எடுத்துக்கொள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த மாண்டேட்டுக்கு 20 எழுத்துகள் கொண்ட தனி எண் உண்டு. கடன் கம்பெனி தன் வங்கி மூலம் ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை ஒரே கோப்பாக என்பிசிஐக்கு அனுப்புகிறது. என்பிசிஐ அதை வங்கிவாரியாகப் பிரித்து அனுப்ப, நம் வங்கி வரிசையாகக் கழித்துப் பார்த்து, முடிந்தது முடியாதது என்று பதில் கோப்பு கொடுக்கிறது. நம் கணக்கில் பணம் இருக்கிறதா என்று முன்னாடியே யாரும் கேட்பதில்லை. கோப்பு நம் கணக்கைத் தொடும் அந்த ஒரு நொடியில்தான் கேள்வி எழுகிறது, பதிலும் முடிவாகிறது.

அந்த நொடி எது என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. கோப்பு அதிகாலையிலும் வரலாம், மதியமும் வரலாம். "அஞ்சாம் தேதி சாயங்காலம் போட்டுக்கலாம்" என்பது சூதாட்டம். நான்காம் தேதி இரவுக்குள் பணம் இருக்க வேண்டும், அதுவும் எடுக்கக்கூடிய இருப்பாக. நான்காம் தேதி மதியம் டிராப் பாக்ஸில் போட்ட செக்கை இதில் சேர்க்கக் கூடாது. 2025 அக்டோபர் 4 முதல் செக் வசூல் வேகமாகியிருக்கிறது. அன்றைக்கே பணம் வருவது இப்போது சாத்தியம். ஆனாலும் கிளை அதை எத்தனை மணிக்கு ஸ்கேன் செய்தது என்பதைப் பொறுத்தது அது.

ஞாயிற்றுக்கிழமையும் தப்பிக்க முடியாது. முன்பெல்லாம் நாச் வங்கி வேலை நாளில் மட்டும் நடந்தது. ஐந்தாம் தேதி ஞாயிறு வந்தால் திங்கள்வரை மூச்சு விடலாம். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் ஏழு நாளும் ஓடுகிறது. கம்பெனி சம்பளத்தைத் திங்கட்கிழமை போட, இஎம்ஐ ஞாயிறே வந்து நின்று திரும்புவது அதன் பிறகு வந்த தொல்லை. சம்பளம் எந்தத் தேதியில் வழக்கமாக ஏறுகிறதோ அதிலிருந்து மூன்று நான்கு நாள் தள்ளி இஎம்ஐ தேதியை வைக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. கடன் வாங்கும்போதே கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கடனில் மாற்றப் புது மாண்டேட் கையெழுத்து வேண்டியிருக்கும்.

ஒரே தேதியில் பல மாண்டேட் இருந்தால் எது முதலில் கழியும் என்பது நம் கையில் இல்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு வங்கியின் கோப்பில் வருகிறது. 2,000 ரூபாய் எஸ்ஐபி முந்திக்கொண்டு கழிந்து, 17,950 ரூபாய் இஎம்ஐ அதனாலேயே திரும்பும். தப்பினாலும் பெரிய நஷ்டமில்லாதது கழிகிறது, தப்பக்கூடாதது திரும்புகிறது. எஸ்ஐபியைப் பத்தாம் தேதிக்குத் தள்ளிவைத்தால் இந்த மோதல் தீரும். ஆனால் எஸ்ஐபி திரும்பினாலும் வங்கி சார்ஜ் எடுக்கும். மாத எஸ்ஐபி தொடர்ந்து மூன்று முறை தவறினால் அதுவே ரத்தாகிவிடும்.

திரும்பிய கோரிக்கையைக் கடன் கம்பெனி அதே மாதம் மறுபடியும் அனுப்பலாம். ஒவ்வொரு தடவைக்கும் வங்கி தனித்தனியாக சார்ஜ் போடும். பல வங்கிகள் 250 முதல் 500 ரூபாய் வரை எடுக்கின்றன, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 500 என்றால் 590. கடன் கம்பெனி தன் பங்குக்குத் தனி அபராதம் போடும். 1,200 ரூபாய் செல்போன் இஎம்ஐ இரண்டு தடவை திரும்பினால் வங்கி சார்ஜ் மட்டும் 1,180, ஏறத்தாழ இன்னொரு இஎம்ஐ. தொகை எவ்வளவாக இருந்தாலும் ஒரே சார்ஜ் என்ற இந்த முறை சின்னக் கடன் வாங்கியவரைத்தான் கடுமையாகத் தாக்குகிறது. பெரிய வீட்டுக்கடன்காரருக்கு 590 ஒரு எரிச்சல். சால் என்ற வரிசைக் குடியிருப்பில் ஒரே அறையில் குடியிருந்து தினக்கூலி வாங்குபவருக்கு அது ஒரு நாள் சம்பளம். இது மாற வேண்டும். கடன் கம்பெனி போடும் அபராதத்தை வட்டியாகச் சேர்த்து, அதற்கு மேல் வட்டி போடக்கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. அந்த அளவுக்காவது ஒரு நிம்மதி.

பவுன்ஸ் ஆனதும் பதறிப்போய் கம்பெனி அனுப்பிய லிங்கில் யுபிஐயில் கட்டிவிடுவார்கள். அதற்குள் மறு கோரிக்கைக் கோப்பு கிளம்பியிருந்தால் இரண்டாவது முறையும் கழியும். முதலில் கடன் கம்பெனிக்குப் போன் செய்து, மறுபடி அனுப்பியாயிற்றா, எந்தத் தேதி என்று கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் கட்டிவிட்டு, இனி அனுப்ப வேண்டாம் என்று மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். அனுப்பிவிட்டார்கள் என்றால் அந்தத் தேதிக்கு முந்தின நாள் கணக்கில் பணம் வைப்பதே போதும். லிங்க் உண்மையான கம்பெனியுடையதுதானா என்று பார்ப்பது தனி வேலை, அதையும் விடக்கூடாது.

செக் பவுன்ஸ் ஆனால் கேஸ் என்று தெரிந்தவர்களுக்கும், மின்னணு பவுன்ஸுக்கும் கேஸ் உண்டு என்று தெரிவதில்லை. பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம், 2007-ன் 25-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. கடனுக்காகக் கொடுத்த மின்னணுப் பணமாற்றம் போதிய பணமில்லாமல் திரும்பினால், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் அது பாயாது. திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் கட்டிவிட்டால் குற்றமில்லை. ஆகவே நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். அந்த 15 நாள்தான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

பணம் இருந்தும் போகாத பில்

யுபிஐ ஆட்டோபே 2020-ல் வந்தது. கார்டிலும் யுபிஐயிலும் தானாகக் கழியும் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வர வேண்டும். அந்தத் தகவலை இருப்புச் சோதனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை அனுப்பும்போது யாரும் கணக்கைப் பார்ப்பதில்லை. பணம் ஏற்றிவைக்க ஒரு நாள் கிடைக்கிறது, அவ்வளவுதான். பின் எண்ணும் ஓடிபியும் இல்லாமல் கழியும் வரம்பு 2022 ஜூன் முதல் 15,000 ரூபாய். கார்டு பில், காப்பீட்டு பிரீமியம், மியூச்சுவல் ஃபண்டுக்கு மட்டும் 2023 டிசம்பரில் 1 லட்சமானது. 2025 ஆகஸ்ட் முதல் யுபிஐ ஆட்டோபே கூட்டமில்லாத நேரத்தில்தான் ஓடுகிறது: காலை 10-க்கு முன், மதியம் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின். முதல் முயற்சி தவறினால் மேலும் மூன்று முயற்சி வரை உண்டு. இந்த இடத்தில் ஆட்டோபே நாச்சைவிட இரக்கமுள்ளது.

மே மாத மும்பையில் வேறு ஒரு சிக்கல் கிளம்பும். பிப்ரவரியில் 1,400 ரூபாய் வந்த கரண்ட் பில், ஏசி இரவெல்லாம் ஓடியதில் 4,300 ஆகிறது. ஆட்டோபே போட்டபோது உச்ச வரம்பு 3,000 என்று கொடுத்திருந்தால், கணக்கில் 50,000 இருந்தாலும் அது கழியாது. வரம்பைத் தாண்டியது என்பதால் திரும்பும், நாம் இருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மாறும் பில்லுக்கு உச்ச வரம்பை வருடத்தின் மிகப் பெரிய பில்லைவிட நாலில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள்.

கிரெடிட் கார்டு ஆட்டோபேயில் முழுத் தொகையா, மினிமம் டியூவா என்று ஒரு தேர்வு இருக்கும். மினிமம் என்று போட்டுவிட்டு முழுவதும் கட்டியதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மீதிக்கு வட்டி ஓடும். கடைசித் தேதி தவறிவிட்டால் மூன்று நாள் வரை தாமதக் கட்டணமும் போடக்கூடாது, கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மூன்று நாளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஹவுசிங் சொசைட்டிக் கணக்கில் இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். பொருளாளர் திங்கட்கிழமை லிஃப்ட், பம்பு கரண்ட் பில்லை நெட் பேங்கிங்கில் பதிவு செய்கிறார். செயலாளர் புதன்கிழமை ஒப்புதல் தருகிறார். பணம் இருக்கிறதா என்று வங்கி பார்ப்பது புதன்கிழமை, அந்தப் பொத்தானை அழுத்தும்போது. நடுவில் செவ்வாய்க்கிழமை வாட்ச்மேன் சம்பளம் போயிருக்கும். எந்த ஒப்புதல் காத்திருக்கிறதோ அந்தத் தொகையை ஒரு நோட்டில் தனியாகக் கழித்து எழுதிவைப்பதே சின்ன சொசைட்டிக்குப் போதும்.

பென்டிங் என்று வந்தால்

பணம் கழிந்துவிட்டது, ரசீது வரவில்லை. பதில் வரும் வழியில் எங்கோ தடங்கல். இந்த நேரத்தில் மறுபடி கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நாம் மறுபடி அழுத்தினால் அது புதுப் பரிவர்த்தனை எண்ணோடு போகும். வங்கிக்கு அது வேறு பில். முதலாவதும் அப்புறம் நிறைவேறினால் இரண்டு தடவை போயிருக்கும். கரண்ட் பில்லானால் கூடுதல் தொகை வழக்கமாக அடுத்த மாதத்தில் வரவாகும், ஆனால் அதற்குள் வேறொரு இஎம்ஐ அந்தக் குறைவால் திரும்பியிருக்கும். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே கட்டுபவருக்குப் பொறுத்திருக்க நேரம் இருக்கிறது. கடைசி நாள் இரவில் கட்டுபவருக்கு இல்லை.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி காலக்கெடு நிர்ணயித்தது. யுபிஐயில் இன்னொருவர் கணக்குக்கு அனுப்பியது அங்கே சேரவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் திரும்ப வேண்டும். வியாபாரிக்குக் கட்டியது உறுதியாகவில்லை என்றால் 5 நாளுக்குள். அதற்கு மேல் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நாம் கேட்காமலே வங்கி வரவு வைக்க வேண்டும். புகார் கொடுக்கும்போது பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, கழிந்ததைக் காட்டும் ஸ்டேட்மென்ட் வரி, பில் நுகர்வோர் எண் எல்லாம் ஒரே மனுவில் இருக்கட்டும். லீன், நிலுவை சார்ஜ் விவகாரமானால் அன்றைய இரண்டு இருப்பு எண்களும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் வேண்டும். வங்கி 30 நாளில் தீர்க்கவில்லை அல்லது மறுத்துவிட்டது என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் போகலாம். எப்படி விண்ணப்பிப்பது என்று 14448 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வங்கிக்கு முதலில் கொடுத்த புகாரின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். முதலில் வங்கியிடம் புகார் கொடுக்காமல் போனால் ஒம்புட்ஸ்மன் மனு ஏற்கப்படாது.